ஐந்து நொடியில் இருபத்தொரு பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், ஆனால் அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். முதலில் அவசரமானது. அப்பாவின் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு நீயும் அண்ணனும் பேசி அடுத்த மாதம் நாள் வாங்கியிருக்கிறீர்களே, அதை நிறுத்தி வையுங்கள். அண்ணனிடம் நேற்றே சொன்னேன், பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் என்கிறான், நாங்கள் பெற்ற பிள்ளைகள் எங்களுக்கே கார்டியன் ஆகிவிட்டீர்கள், கிடக்கட்டும். மூன்று வருடமாக இந்த வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது உண்மை. கடைசிக் காலத்தில் இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா என்று நான் உன்னிடம் புலம்பியதும் உண்மை. அதற்காகத்தான் நீங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள், தப்பில்லை. ஆனால் கோளாறு அவர் காதில் இல்லை, என் வாயில். பதறாதே, பெரிய வியாதி ஒன்றும் இல்லை, முழுதாகப் படித்து முடி, பாதியில் அண்ணனுக்குப் போன் போடாதே.

அப்பாவின் பல் செட் தளர்ந்து போய், சாப்பிடும்போது டக் டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது கேட்காது, எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். அந்த நேரத்தில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சமூகக் கூடத்தில் பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அறுபத்தைந்து தாண்டியவர்கள் எல்லாரும் வரலாம் என்று கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. பல்லைப் பார்த்து மருந்து எழுதித் தருவது மட்டுமில்லையாம், இன்றைக்கு நன்றாக இருப்பவர்களில் இன்னும் மூன்று வருடத்தில் யாருக்கு மெல்லவும் விழுங்கவும் பேசவும் சிரமம் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வார்களாம். நான் அப்பாவை மனதில் வைத்துத்தான் பெயர் கொடுத்தேன். எழுபத்தாறு வயது, வாய் நிறையப் பொய்ப் பல், காது போன மனிதர், அவருக்கு வராமல் யாருக்கு வரும். எனக்கு எழுபத்தொன்று, இடது பக்கம் எடுத்த இரண்டு கடைவாய்ப் பல்லைத் தவிர மீதி எல்லாம் சொந்தப் பல். துணைக்குப் போகிறவள் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று என் பெயரையும் அடுத்த வரியில் எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் இருவர் கதையும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முப்பத்தைந்து வருடம் மில்லில் தறிகளுக்கு நடுவில் நின்ற ஃபிட்டரின் காது எப்படி இருக்கும். அந்தத் தறிக் கூடத்தில் ஒருத்தரும் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், நாலு தறிக்கு அப்பால் நிற்பவன் வாயை அசைத்தால் இங்கே இவர் சிரிப்பார். நான் அதற்கு நேர் எதிர். இருபத்தெட்டு வருடம் பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்தவள். மழை கொட்டும்போதும், ஆறு வண்டி ஒரே சமயத்தில் ஹாரன் அடிக்கும்போதும், நான் சொல்லும் நடைமேடை எண் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனுக்கும் புரியும். விபத்து நடந்து வண்டி வராத அன்றுகூட குரல் இம்மி அசையாமல் அறிவித்தவள் என்று மேலாளரே பாராட்டி எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அப்பா என்னைக் கட்டிக்கொண்டதே இவ உதடு மட்டும்தான் எனக்கு முழுசாப் புரியுது என்பதற்காகத்தான், அதை அவர் எங்கள் கல்யாணத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லி என் அம்மாவிடம் முறைப்பு வாங்கினார். ஆகவே இந்த வீட்டில் சரியாகப் பேசுவது நான், சரியாகக் கேட்காதது அவர் என்பது ஐம்பது வருடத்துச் சட்டம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சட்டம் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்ய ஆரம்பித்தது. நான் ஒன்று சொன்னால் காதைத் தொட்டுக் காட்டி, கேக்கல என்பார். திரும்பச் சொன்னால், மெஷின்ல ஏதோ கொரகொரங்குது, எழுதிக் காட்டேன் என்பார். அண்ணன் காது மெஷினை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தான். கடைக்காரர் இரண்டு தடவையும் சோதித்துப் பார்த்து, மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஐயாவுக்கு நல்லாவே கேக்குது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார், நாங்கள் கடைக்காரரைத்தான் சந்தேகப்பட்டோம். எனக்கு என்ன ஆத்திரம் என்றால், வாசல் மணி அடித்தால் முதலில் எழுந்து போவது அவர். கெட்டிலில் தண்ணீர் கொதித்து நின்றதும் போய் டீ போடுவது அவர். மாடி வீட்டு நாய் குரைத்தால் ஜன்னலைச் சாத்துவார். நான் பேசினால் மட்டும் கேட்காது. இதை உன்னிடம் எத்தனை முறை சொல்லி மூக்கைச் சிந்தியிருக்கிறேன், மனுஷன் வேணும்னே நடிக்கிறாரு, அம்பது வருஷம் கேட்டது போதும்னு முடிவு பண்ணிட்டாரு என்று. நீயும் போனில் அவரைக் கூப்பிட்டு, அம்மா பேசுறப்ப மெஷினைப் போட்டுக்க மாட்டீங்களாப்பா, அவங்க மட்டும் தொண்டை கிழியக் கத்தணுமா என்று காய்ச்சினாய். அவர் சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் சமையலறை மேசைக்கு மேலே ஒரு எழுதும் அட்டையைத் தொங்கவிட்டு, அதில் ஒரு நோட்டைச் செருகினேன். உப்பு குறைவா, மின் கட்டணம் கட்டியாயிற்றா, மருந்து முடிந்துவிட்டது, எல்லாம் எழுத்தில்தான். பதினோரு நோட்டு தீர்ந்திருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். சில நாள் காலை முதல் இருட்டும் வரை நான் வாயே திறக்காமல் இருந்திருக்கிறேன், கோபத்தில் பாதி, பழக்கத்தில் பாதி.

சமூகக் கூடத்தில் நாலு மேசை போட்டிருந்தார்கள். எங்களைச் சோதித்தவள் உன்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள், கண்ணாடி போட்ட பெண், மரியாதையாகப் பேசினாள், ஆனால் எதையும் பூசி மெழுகவில்லை. ஒரு சூயிங்கத்தைக் கொடுத்து நன்றாக மெல்லச் சொன்னாள், மெல்ல மெல்ல அது பச்சையிலிருந்து சிவப்பாக மாறுமாம், எவ்வளவு சிவந்திருக்கிறது என்று ஒரு அட்டையோடு ஒப்பிட்டாள். ஒரு சின்ன ரப்பர் பலூனை மேல் அண்ணத்தில் வைத்து நாக்கால் நசுக்கச் சொன்னாள், எவ்வளவு அழுத்தம் என்று எண் வந்தது. அரை நிமிடத்தில் எத்தனை முறை எச்சில் விழுங்க முடிகிறது என்று தொண்டையில் விரல் வைத்து எண்ணினாள். பிறகு ஒரு மைக்கை நீட்டி, மூச்சு விடாம எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா பா பா பான்னு சொல்லுங்க, அஞ்சு நொடி, அப்புறம் தா, அப்புறம் கா என்றாள். பா என்பது உதட்டுக்கு, தா என்பது நாக்கு நுனிக்கு, கா என்பது நாக்கின் அடிப்பக்கத்துக்கு. அப்பாவுக்கு முதலில் அவள் வாயைப் பார்த்து விஷயம் புரிந்ததும் பொறி தட்டிவிட்டது. தறி ஓடுகிற தாளத்தில் பிடித்தார் பார், பாபாபாபா என்று, மேசைமேல் விரல் தட்டிக்கொண்டு, பல் செட் கழன்று விழுந்துவிடுமோ என்று நான் கையை நீட்டிவிட்டேன். முப்பத்துமூன்று. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து நான். மைக்கைப் பார்த்ததும் எனக்குள் பழைய திமிர் எழுந்தது, முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, தொடங்கினேன். இருபத்தொன்று. இயந்திரத்தில் ஏதோ கோளாறு, திரும்ப வைம்மா என்றேன். வைத்தாள். இருபது. தா இருபத்திரண்டு, கா பதினேழு. முப்பதாவது வந்திருக்கணும்மா என்று மெதுவாகச் சொன்னாள். எச்சில் விழுங்கியது இரண்டே முறை. சூயிங்கம் வெளிறின ரோஜா நிறத்தில் நின்றுவிட்டது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அதோடு போயிருந்தால் வயசாகிவிட்டது என்று எழுந்து வந்திருப்பேன். ஒரு படிவம் இருந்தது பார், அதுதான் குட்டை உடைத்தது. முன்பக்கத்தில் நம்மைப் பற்றி நாமே எழுத வேண்டும், பின்பக்கத்தில் கூடவே வாழ்கிறவர் எழுத வேண்டும். நான் என் முன்பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகக் குறித்துவிட்டு, அப்பாவின் பின்பக்கத்தை ஆசை தீர நிரப்பினேன், சத்தத்தோடு மெல்லுகிறார், பேசினால் காதில் போட்டுக்கொள்வதில்லை, இன்னும் இடம் இருந்தால் குறட்டையையும் எழுதியிருப்பேன். அந்த நேரத்தில் அப்பா என் படிவத்தை வாங்கி, பரீட்சையில் பக்கத்துப் பையன் காப்பி அடிக்காமல் மறைப்பார்களே, அப்படி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என்னத்தை எழுதிவிடப் போகிறார் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் அதைப் புரட்டிப் படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படித்தாள், பிறகு என் பக்கம் திருப்பி வைத்தாள். டீ, தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா. ஆம், வாரத்தில் நாலு முறை, அவசரமாகக் குடித்தால் ஐந்து. கடினமான உணவைத் தவிர்க்கிறாரா. ஆம், ஆப்பிளைத் துருவித்தான் சாப்பிடுகிறாள், ரொட்டியின் ஓரத்தை எனக்குத் தருகிறாள், கேரட்டைக் கைவிட்டு இரண்டு வருடம். வாய் உலர்கிறதா. ஆம், பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து. பேச்சுத் தெளிவு குறைந்திருக்கிறதா. ஆம், இடது பக்கப் பல் எடுத்ததிலிருந்து, மூன்று வருடம், உதடு முன்பு போல் மூடித் திறப்பதில்லை. கடைசியாக ஒரு கேள்வி, இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று. அதற்கு இல்லை என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய். சண்டைக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம், இவருக்குக் காது கேக்காதும்மா, இவர் எழுதறதை வெச்சு எப்படிக் கணக்குப் போடுவீங்க என்றேன். அவள் சொன்னாள், பேச்சுத் தெளிவைக் கண்டுபிடிக்க இவரைவிட நல்ல ஆள் கிடைக்காதும்மா, அம்பது வருஷமா உங்க உதட்டையே படிச்சவரு, எங்க இயந்திரம் இன்னிக்கு அஞ்சு நொடி கேட்டுச்சு, அவ்வளவுதான். அப்புறம் கணினியில் எல்லா எண்ணையும் போட்டு, அப்பாவைப் போன்றவர்கள் நூறு பேரில் பன்னிரண்டு பேருக்கு மூன்று வருடத்தில் சிரமம் வரலாம், என்னைப் போன்றவர்கள் நூறு பேரில் நாற்பத்தொருவருக்கு வரலாம் என்று சொன்னாள். மெல்லுவது குறைந்தால் சாப்பாடு குறையும், உடம்பு தளரும், விழுங்குவது சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் நுரையீரல் பக்கம் போய்க் காய்ச்சலில் படுக்க வைக்கும், பேச்சு குழறினால் மனிதர்களோடு பழகுவது நிற்கும், இதெல்லாம் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும், ஆனால் இப்போதே பிடித்துவிட்டால் நிறுத்தலாம், கொஞ்சம் திருப்பவும் முடியும் என்றாள். நான் அந்த நாற்பத்தொன்றில் இருக்கிறேனா, மீதி ஐம்பத்தொன்பதில் இருக்கிறேனா என்று கேட்டேன். அது எங்களுக்குத் தெரியாதும்மா என்றாள். அந்தப் பதிலை நான் மதித்தேன். இன்ன வண்டி இத்தனை மணிக்கு வந்து சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது என்று ஆயிரக்கணக்கான தடவை சொன்னவள் நான், வண்டியை நான் ஓட்டவில்லை, வழியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது, ஆனாலும் அந்த அறிவிப்பைக் கேட்டு மூட்டையைக் கட்டி எழுந்து நிற்பவன் புத்திசாலி. கடைசியில் ஒன்று கேட்டாள், நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க என்று. எழுதும் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். வாயும் மத்த தசை மாதிரிதாம்மா, வேலை குடுக்கலன்னா இளைச்சிடும், இந்த மூணு வருஷம் எழுதிக் காட்டுனது உங்களுக்கு நல்லதே பண்ணல என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு மெஷின்ல கேட்டுதா இல்லையா. கேட்டது என்றார். மூன்று வருடமாகவா. முதல் மெஷினே நல்ல மெஷின்தான், சத்தம் வரும், ஆனா நீ பேசறது மட்டும் கூழா வரும், உதட்டைப் பாத்தா அதுவும் கூழ் என்றார். பின்னே ஏன்யா காது கேக்கலன்னு சொன்னீங்க என்று கத்தினேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து சொன்னார். மைக் புடிச்சே வாழ்ந்தவகிட்ட உன் பேச்சு புரியலன்னு எப்படிச் சொல்றது. என் காது ஏற்கெனவே கெட்ட பேர் வாங்குனது, இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஆபரேஷனுக்கும் சரி என்று தலையாட்டினீர்களே, மண்டையைத் துளைத்திருப்பார்களே என்றேன். அதுக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்குல்ல, பாத்துக்கலாம்னு இருந்தேன் என்றார். பாப்பா, இந்த மனிதரை நான் என்ன செய்வது. பிள்ளைகளிடம் திட்டு வாங்கி, கடைக்காரர் முன்னால் அசடு வழிந்து, கேட்கிற காதைக் கேட்காத காது என்று சொல்லிக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்தார், என் மானத்தைக் காப்பாற்ற. அவர் காப்பாற்றக் காப்பாற்ற நான் பேசுவது குறைந்தது, பேசுவது குறையக் குறைய என் வாய் இன்னும் மோசமானது. அன்பாகச் செய்ததுதான், ஆனால் செய்தது தப்பு, இரண்டையும் அவரிடம் சொன்னேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது, குழாய்ச் சத்தத்தோட சேந்து கேட்டுச்சு என்று ஒரு துண்டை நீட்டினார்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. எழுதும் அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டோம். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வாய் உலர்வது குறைந்திருக்கிறது. இடது பக்கத்துக்கு இரண்டு பல் வைக்க அளவு எடுத்திருக்கிறார்கள், அப்பாவின் செட்டையும் சரிசெய்துவிட்டார்கள், டக் டக் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கை நீட்டி, மடக்கி, கன்னத்தை உப்பி ஒரு பயிற்சி இருக்கிறது, எதிர் வீட்டு ஜன்னலில் பார்த்தால் இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். தினமும் காலையில் அப்பா எதிரில் உட்கார்ந்து, நான் பா சொல்லச் சொல்லக் காகிதத்தில் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணுகிறார். இருபத்தொன்று இருபத்தைந்தாகியிருக்கிறது, கா மட்டும் பத்தொன்பதிலேயே அடம் பிடிக்கிறது. பிறகு செய்தித்தாளில் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும், புரியாத இடத்தில் அவர் புரியல என்று சொல்ல வேண்டும், அதுதான் ஒப்பந்தம். முதல் நாள் பதினாலு முறை சொன்னார். பதினாலாவது முறை நான் கைத்துடைக்கும் துணியை அவர்மேல் விட்டெறிந்தேன், அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி புரியல என்றார். இப்போது ஐந்து, ஆறு என்று வந்திருக்கிறது. இது முழுதாகச் சரியாகுமா என்று தெரியாது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறாள், அப்போது எண் குறைந்தாலும் கூடினாலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொள்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் நடந்திருக்கிறது, வீட்டில் பேச்சு வந்துவிட்டது, பாதிக்கு மேல் சண்டைதான், அதுவும் கணக்கில் சேர்த்தி என்று அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள்.

மற்றபடி வீட்டுச் செய்தி. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து நம் சுவரில் ஈரம் இறங்கி, நீ இருந்த அறையில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்துவிட்டது, பிளம்பர் இரண்டு நாள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார், உன் புத்தகப் பெட்டிகளைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், ஒன்றும் நனையவில்லை. லிஃப்ட் போன வாரம் முழுதும் ஓடவில்லை, அப்பா நாலு மாடி ஏறி இறங்கி, வேலை செய்யாத லிஃப்டைத் திறந்து பார்க்கிறேன் என்று மெக்கானிக்கோடு மல்லுக்கு நின்றார். அண்ணனுக்கு அலுவலகத்தில் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. அண்ணன் மகள் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று முதல் மூன்று நாள் கரையில் நின்று எல்லாருக்கும் யோசனை சொன்னாளாம், யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று கேட்காதே. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வருடம் நீயும் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாய், அந்த இடத்தில் பல் வைக்க அப்புறம் பாத்துக்கலாம் என்றாய். நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டால் வாய் அதற்கேற்ப வளைந்து கொடுத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது, ஆகவே இந்த மாதமே போய்ப் பார். கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு மெல்லாமல் விழுங்காதே. மாப்பிள்ளையையும் வேகமாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே கண்டுபிடித்ததாகச் சொல்.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன், இன்றைய பயிற்சிக்கு இதுவே ஆகட்டும் என்று. ஒன்பது இடத்தில் புரியல என்றார். கல்யாணத்தில் என் அம்மா முறைத்தது அவரை இல்லை, என்னை என்று ஒரு திருத்தம் சொன்னார், நான் ஏற்கவில்லை. உன்னிடம் ஆபரேஷன் விஷயத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், நீ அவரைத் திட்டியதற்கு நீதான் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அது உங்கள் இரண்டு பேர் பாடு.

ஒன்றே ஒன்று பாக்கி. சமூகக் கூடத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம், விஷயத்தைச் சொல்ல உனக்குப் போன் செய்தேன். நான் நாலு வார்த்தை சொன்னதும் நீ, அம்மா, லைன் சரியில்ல, மெசேஜ் போடும்மா என்றாய். உன் வீட்டில் ஓடிய தொலைக்காட்சியில் யாரோ வானிலை வாசித்தது எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. மாப்பிள்ளை பின்னாலிருந்து யாரு போன்ல என்று கேட்டதும் கேட்டது. போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன், இரண்டு வருடமாக உன் லைன் சரியாகவே இல்லை, அண்ணன் கூப்பிட்டால் மட்டும் சரியாக இருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை பாப்பா, உங்கள் அப்பாவின் மகள்தானே நீ. ஆனால் இனி நான் மெசேஜ் போட மாட்டேன், கடிதமும் இதுவே கடைசி, ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டுப் பேசத்தான் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், வாய் நிறையப் பேசி, வயிறு நிறையச் சாப்பிட்டு, நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. பல் டாக்டரை மறக்காதே. நான் பேசுவது புரியாவிட்டால் புரியலம்மா என்று சொல், நூறு தடவை ஆனாலும் சொல், நூற்றியோராவது தடவையும் நான் திரும்பச் சொல்கிறேன். எனக்காகப் பொய் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா